திருப்பிப் படுக்கவைக்கும் அந்த நிமிடம்

இடுப்பு முறிந்த மூதாட்டி அசையாமல் படுத்திருக்கும்வரை பெரும்பாலும் சத்தமே போடமாட்டார். ஒரு கால் மற்றதைவிடக் கொஞ்சம் குட்டையாகத் தெரியும், பாதம் வெளிப்புறம் சாய்ந்திருக்கும். "வலி எப்படி இருக்கு பாட்டி?" என்று கேட்டால் "பரவாயில்லப்பா" என்பார். எக்ஸ்ரே மேசைக்கு மாற்ற நான்கு பேர் பெட்ஷீட்டோடு சேர்த்துத் தூக்கும்போதுதான் அந்த அலறல் கிளம்பும். பெட்பேன் வைக்கும்போது மறுபடியும் கேட்கும். கடைசியில் ஆபரேஷன் தியேட்டரில் முதுகில் ஊசி போடுவதற்காக உட்காரவைக்கும்போது, வார்டு கடைசிவரைக்கும் கேட்கும்.

தொடை எலும்பின் மேல்பகுதி முறிந்தவர்களுக்கு, வலியைச் சுமந்து செல்லும் நரம்பையே மரத்துப்போகச் செய்யும் ஊசி முறைகள் இன்று அரை டஜனுக்கு மேல் உள்ளன. எது சிறந்தது என்று ஒப்பிடும் சோதனைகள் ஆண்டுதோறும் வெளிவருகின்றன, இந்தியாவிலிருந்தும் பல வருகின்றன. அவற்றைப் படிக்கும்போது முடிவைப் பார்ப்பதற்கு முன்னால் ஒன்றைத் தேடிப் பார்ப்பது என் வழக்கம்: எந்த நிமிடத்து வலியை அளந்தார்கள்? படுத்திருக்கும்போதா, திருப்பும்போதா? படுத்திருக்கும்போது என்றால், எந்த முறையும் மற்றதற்குச் சளைத்ததாகத் தெரியாது.

வலியைக் குறைப்பது இரக்கம் மட்டும் சார்ந்த காரியமல்ல. 2003இல் நியூயார்க்கைச் சேர்ந்த மாரிசன் குழு, இடுப்பு முறிவோடு வந்த 541 பேரைப் பின்தொடர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டது. நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் மார்ஃபினுக்கும் குறைவாகப் பெற்றவர்களுக்கு டெலிரியம் வரும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கும் அதிகம். நேற்றுவரை கணக்கு வழக்கெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, ராத்திரியெல்லாம் செத்துப்போன தம்பியோடு பேசிக்கொண்டிருப்பாரே, அந்தத் திடீர் மனக்குழப்பம்தான் டெலிரியம். நினைவு தெளிவாக இருந்தவர்களில் கடும் வலியோடு கிடந்தவர்களுக்கு அது வரும் வாய்ப்பு ஒன்பது மடங்காக இருந்தது. வயதானவருக்கு மார்ஃபின் கொடுத்தால் புத்தி தடுமாறும் என்று பயந்து மருந்தைக் குறைத்த கைகளுக்கு இது ஓர் அதிர்ச்சி. இது கவனிப்பு ஆய்வுதான், காரணத்தை உறுதியாக நிறுவாது. ஆனாலும் பயத்தின் திசையைத் திருப்பிவிட்டது. அதே ஆய்வில் பெத்திடின் மட்டும் கெட்ட பெயரோடுதான் வெளியே வந்தது. அந்த மருந்து மற்ற அபின் வகை மருந்துகளைவிட அதிகமாகக் குழப்பத்தை உண்டாக்கியது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. வெளிநாட்டுச் சோதனைகள் பலவற்றில் நரம்பு ஊசியின் எதிர்த்தரப்பு மார்ஃபின். நம் ஊர் மருத்துவமனைகள் பலவற்றில் மார்ஃபின் எளிதில் கிடைப்பதில்லை. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் போட்ட பூட்டை 2014 திருத்தம் தளர்த்தியது என்றாலும், பழக்கம் மாறவில்லை. அந்த இடத்தை டிராமடாலும் டைக்ளோஃபினாக்கும் பிடித்துக்கொண்டன. டிராமடால் கிழவர்களுக்குக் குமட்டலையும் குழப்பத்தையும் தரும். டைக்ளோஃபினாக், ஏற்கெனவே தண்ணீர் குடிக்காமல் காய்ந்துபோயிருக்கும் எண்பது வயதுச் சிறுநீரகத்தின்மேல் கைவைக்கும். டைக்ளோஃபினாக் வகை வலிமாத்திரைகளை இடுப்பு முறிவில் பரிந்துரைப்பதில்லை என்று பிரிட்டனின் நைஸ் நிறுவனம் 2011 வழிகாட்டியிலேயே சொல்லிவிட்டது. இவற்றோடு, காலில் எடை கட்டித் தொங்கவிடும் டிராக்‌ஷனும் இருக்கிறது. அறுவைக்கு முன் அதைப் போடுவதால் வலி குறைகிறது என்பதற்குச் சான்று இல்லை என்று, சோதனைகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் தொகுப்பு சொல்லிப் பல வருடம் ஆகிறது. ஆனாலும் கட்டிலின் கால்மாட்டில் அந்த எடை தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே, மார்ஃபினோடு ஒப்பிட்டபோது நரம்பு ஊசிக்குக் கிடைத்த நன்மையைவிட, இங்கே கிடைக்கக்கூடிய நன்மை அதிகமாக இருக்கலாம் என்று நான் எண்ணுவதுண்டு. இது என் ஊகம்.

இனி நரம்புகள். இடுப்பு மூட்டைச் சுற்றியிருக்கும் உறையின் முன்பக்கத்துக்குத் தொடை நரம்பு, அப்டுரேட்டர் நரம்பு, சிலருக்கு மட்டும் இருக்கும் துணை அப்டுரேட்டர் நரம்பு ஆகியவற்றிலிருந்து கிளைகள் வருகின்றன. பின்பக்கத்துக்குச் சியாட்டிக் நரம்பும் அதன் சுற்றத்தாரும் கிளை அனுப்புகிறார்கள். வலியை உணரும் நுனிகள் முன்பக்கத்தில்தான் அதிகம், பின்பக்கத்தில் நிலையையும் அசைவையும் உணர்பவையே கூடுதல் என்பது திசு ஆய்வுகளில் தெரிந்தது. இந்த ஒரு தகவலின்மேல்தான் இன்றைய முறைகள் எல்லாமே நிற்கின்றன. தொடையின் வெளிப்புறத் தோலுக்குத் தனி நரம்பு உண்டு. அறுவையின் கீறல் பெரும்பாலும் அந்த நரம்பின் எல்லைக்குள்தான் விழும். எலும்பு மரத்தும் தோல் மரக்காமல் போவது இதனால்தான்.

முதல் முயற்சி தொடை நரம்பையே நேராகப் பிடிப்பது. தொடை இடுக்கில் துடிக்கும் தமனிக்குச் சற்று வெளியே நரம்பு இருக்கிறது, கண்டுபிடிப்பது எளிது. 1973இல் அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் வின்னி ஒரு படி மேலே யோசித்தார். அதே இடத்தில் அதிக மருந்தைச் செலுத்தி, ஊசிக்குக் கீழே அழுத்திப் பிடித்தால், மருந்து மேலேறித் தொடை நரம்பு, அப்டுரேட்டர் நரம்பு, தொடையின் வெளிப்புறத் தோல் நரம்பு ஆகிய மூன்றையும் மரக்கச் செய்யும் என்றார். 'ஒன்றில் மூன்று' என்று அதற்குப் பெயர் வந்தது. கணக்கு அழகாகத்தான் இருந்தது, ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. மருந்து எங்கே போகிறது என்று பிற்காலத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, அது எதிர்பார்த்தபடி மேலேறவில்லை, பக்கவாட்டிலேயே பரவியது.

1989இல் பிரான்ஸைச் சேர்ந்த டாலன்ஸ் குழந்தைகளிடம் வேறு வழியைக் காட்டினார். நரம்பைத் தேடவேண்டாம், நரம்புகள் ஓடும் அறையை நிரப்புவோம் என்பதே அவர் யோசனை. இலியாகஸ் தசையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய திசுத்தாளுக்கு அடியில் அந்த நரம்புகள் போகின்றன. ஃபேசியா இலியாகா என்று அந்தத் தாளுக்குப் பெயர். இடுப்பு எலும்பின் முன்முனையிலிருந்து பூப்பெலும்பு மேடுவரை மனத்தில் ஒரு கோடு போட்டு, மூன்றாகப் பிரித்து, வெளிப்புற மூன்றில் ஒரு பங்கு முடியும் இடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே மழுங்கிய ஊசியை இறக்கவேண்டும். முதலில் ஒரு 'டப்', பிறகு இன்னொரு 'டப்'. இரண்டு தாள்களும் துளைபட்டதைக் கை உணரும், மருந்தைச் செலுத்திவிடலாம். ஸ்கேன் தேவையில்லை. ஊசி பெரிய இரத்தக்குழாயிலிருந்தும் நரம்பிலிருந்தும் விலகியே இருக்கும். டாலன்ஸின் குழந்தைகளில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு இது பலித்தது. 'ஒன்றில் மூன்று' முறை பலித்தது 20 சதவீதத்தினருக்குத்தான்.

பெரியவர்களின் உடம்பில் 'டப்' அவ்வளவு நம்பகமாகக் கேட்பதில்லை. அதனால் அல்ட்ராசவுண்ட் வந்தது. 2011இல் ஹெப்பார்ட் குழு, தொடை இடுக்குக் கோட்டுக்கு மேலிருந்தே மருந்தை அந்த அறைக்குள் செலுத்தும் முறையைச் சடலங்களில் காட்டியது. மேலிருந்து செலுத்தினால் நரம்புகள் பிரிவதற்கு முன்பே மருந்து அவற்றை எட்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. இன்று 'மேல்வழி ஃபேசியா இலியாகா' என்றால் இதுதான்.

2018இல் டொராண்டோவிலிருந்து வந்தது பெங் ஊசி. மூட்டுறையைச் சூழ்ந்த நரம்புத் தொகுதி என்ற ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்தால் பெங். அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் பெயர் பிலிப் பெங். தற்செயலா, குறும்பா என்று அவர்தான் சொல்லவேண்டும்! தொடை நரம்பிலிருந்து மூட்டுறைக்குப் போகும் சின்னக் கிளைகள், இடுப்பு எலும்பின் முன்கீழ் முனைக்கும் அதன் உள்ளே இருக்கும் ஒரு மேட்டுக்கும் நடுவே, எலும்பை ஒட்டியே செல்கின்றன. அதே ஆண்டு வெளியான ஓர் உடற்கூறு ஆய்வு இந்த வழித்தடத்தைத் துல்லியமாகக் காட்டியிருந்தது. அங்கே, சோயஸ் தசையின் நாணுக்கு அடியில், 20 மில்லிலிட்டர் மருந்து வைத்தால் போதும், தாய் நரம்பைத் தொடாமலே வலிக்கிளைகள் மட்டும் அடங்கும். முதல் அறிக்கையில் இருந்தவர்கள் ஐந்தே ஐந்து நோயாளிகள். அவர்களது வலி மதிப்பெண்ணின் இடைநிலைக் குறைவு பத்துக்கு 7 புள்ளி. தொடைத் தசையின் பலம் யாருக்கும் குறையவில்லை. ஐந்து பேரை வைத்து எழுதிய அறிக்கை உலகெங்கும் தியேட்டர்களில் பழக்கமாக மாறிய வேகம், மருத்துவத்தில் அபூர்வம். கொஞ்சம் கவலையும் தருகிறது.

நரம்பு ஊசி பொதுவாக நல்லதா என்ற கேள்விக்குப் பதில் அநேகமாக வந்துவிட்டது. குவே, கோப் என்ற இரு ஆய்வாளர்கள் 2020இல் புதுப்பித்த காக்ரேன் தொகுப்பில் 49 சோதனைகள், 3,061 நோயாளிகள். ஊசி போட்ட அரை மணி நேரத்துக்குள், அசைக்கும்போது ஏற்படும் வலி பத்துக்கு சுமார் 2.5 புள்ளி குறைந்தது. 12 பேருக்கு ஊசி போட்டால் ஒருவருக்கு டெலிரியம் தவிர்க்கப்படுகிறது, 7 பேருக்குப் போட்டால் ஒருவருக்கு நெஞ்சுத்தொற்று தவிர்க்கப்படுகிறது. படுக்கையை விட்டு எழுவதும் சுமார் 11 மணி நேரம் முந்துகிறது. மரணத்தைக் குறைக்கிறதா என்று சொல்லும் அளவுக்கு எண்ணிக்கை போதவில்லை. அமெரிக்க எலும்பு மருத்துவர்கள் சங்கம் 2014 முதலே இதை வலுவான சான்றுள்ள சிகிச்சையாக வைத்திருக்கிறது.

இந்தத் தொகுப்புக்கு முன்னோடியாக நான் அடிக்கடி திரும்பிப் பார்க்கும் சோதனை கிரேக்க நாட்டில் நடந்தது. 2009இல் மூஸோபூலோஸ் குழு 207 பேரிடம் ஃபேசியா இலியாகா ஊசியைச் சோதித்தது. அறுவைக்குக் காத்திருந்த காலத்தில் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் போட்டார்கள். டெலிரியம் வந்தவர்கள் ஊசிக்குழுவில் சுமார் 11 சதவீதம், மற்றக் குழுவில் 24 சதவீதம். 'திரும்பப் போட்டார்கள்' என்பதை அடிக்கோடிட வேண்டும். ஒருமுறை போடும் ஊசி அரை நாளில், மிஞ்சிப்போனால் ஒரு நாளில் ஓய்ந்துவிடும். இங்கே நோயாளி வந்து சேர்வதே தாமதம். விழுந்த அன்று 'வெறும் சுளுக்குதான்' என்று எண்ணெய் தடவுவார்கள், சிலர் புத்தூர் கட்டுப் போட்டுப் பார்ப்பார்கள். பிறகு எக்கோ, இரத்த மெலிவு மருந்தை நிறுத்திக் காத்திருப்பது, காப்பீட்டு அனுமதி என்று நாள் நகரும். கேசுவாலிட்டியில் ஒருவர் ஊசி போட்டாலும், மறுநாள் அதைத் திரும்பப் போடுவது யார் வேலை என்பது எழுதப்பட்டிருக்காது.

எது சிறந்தது என்பதில்தான் சண்டை.

ஆஸ்திரேலியாவில் லின் குழு 2021இல் வெளியிட்ட சோதனையில் 60 முதியவர்கள் இருந்தார்கள், பாதிப் பேருக்குப் பெங், பாதிப் பேருக்குத் தொடை நரம்பு ஊசி. அறுவையன்று வலியே இல்லை என்றவர்கள் முதல் குழுவில் 63 சதவீதம், இரண்டாவதில் 30. தொடைத் தசை முழு பலத்தோடு இருந்தவர்கள் பெங் குழுவில் 60 சதவீதம், தொடை நரம்புக் குழுவில் ஒருவர்கூட இல்லை. தொடை நரம்பு ஊசியை விட்டுவிட இதுவே போதிய காரணம் என்று தோன்றும், எனக்கும் ஏறத்தாழ அப்படித்தான் தோன்றுகிறது.

ஆனால் பெங்கின் உண்மையான போட்டியாளர் மேல்வழி ஃபேசியா இலியாகா. அதே ஆண்டு சிலியிலிருந்து அலிஸ்தே குழு இரண்டையும் ஒப்பிட்டது. மூன்று மணி நேரத்தில் தொடைத் தசை பலவீனம் பெங் குழுவில் 45 சதவீதம், ஃபேசியா இலியாகா குழுவில் 90. வலியில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. இந்த 45ஐக் கவனியுங்கள். தசையைத் தொடாது என்ற பெயரோடு வந்த ஊசி, கிட்டத்தட்டப் பாதிப் பேரிடம் தசையைத் தொட்டுவிட்டது. மருந்தின் அளவு கூடினாலோ, ஊசிமுனை கொஞ்சம் மேலே விலகினாலோ அது தாய் நரம்புக்குக் கசிகிறது. மேலும் அந்தச் சோதனையில் இருந்தவர்கள் மூட்டு தேய்ந்து மாற்று மூட்டு வைத்துக்கொண்டவர்கள், எலும்பு முறிந்தவர்கள் அல்ல. மாற்று மூட்டு அறுவையில் கிடைத்த எண்ணை எலும்பு முறிவுக்குத் தூக்கிக்கொண்டு வருவது இந்தத் துறையில் சர்வசாதாரணம்.

என் கருத்து எளிமையானது. அறுவைக்கு முன்னால் தசை பலத்தைப் பற்றிக் கவலைப்படுவதில் அர்த்தமில்லை, எலும்பு முறிந்துகிடப்பவர் எப்படியும் நடக்கப்போவதில்லை. அந்த நேரத்துக்குத் தேவை அகலமாகப் பரவும், எளிதாகப் போடக்கூடிய, கேசுவாலிட்டியிலேயே போடக்கூடிய ஊசி. அதற்கு ஃபேசியா இலியாகா போதும். பிரிட்டனில் பயிற்சி பெற்ற செவிலியர்களே இதைப் போடுகிறார்கள். அறுவை முடிந்து மறுநாள் வாக்கரைப் பிடித்து நிற்கவேண்டியவருக்குத்தான் தசை பலம் உயிர்ப் பிரச்சினை. முழங்கால் மடங்கி மறுபடி விழுந்தால் பட்ட பாடெல்லாம் வீண். அங்கேதான் பெங்கின் மவுசு. ஒரே நோயாளிக்கு இரண்டு நேரத்தில் இரண்டு பதில் வரலாம். 'எது சிறந்தது' என்று தலைப்பிட்ட கட்டுரைகள் பெரும்பாலும் இந்த நேரப் பிரிவினையைத் தாண்டிப் போய்விடுகின்றன.

முறிவு எங்கே என்பதும் கணக்கில் வரவேண்டும். தொடை எலும்பின் கழுத்து மூட்டுறைக்குள் முறிந்தால், உறைக்குள் தேங்கும் இரத்தத்தின் அழுத்தமே வலியில் ஒரு பங்கு. பாட்டி காலைச் சற்று மடக்கி வெளிப்புறம் திருப்பி வைத்திருப்பதற்கு அந்த அழுத்தத்தைக் குறைப்பதும் ஒரு காரணம். அங்கே உறைக்கிளைகளைக் குறிவைக்கும் பெங் பொருந்தும். உறைக்கு வெளியே, அதிலும் எலும்புத் தண்டை நோக்கி இறங்கும் முறிவுகளில், வலி மூட்டுறையிலிருந்து மட்டும் வருவதில்லை, எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வும் தசைகளும் சேர்ந்து கத்துகின்றன. நீண்ட ஆணியைத் தண்டுக்குள் செலுத்தும் அறுவையில் கீறலும் கீழே இறங்கும். பல சோதனைகள் இந்த இரண்டு வகை நோயாளிகளையும் ஒரே கூடையில் போட்டு எண்ணியிருக்கின்றன.

ஆழமான ஊசிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தோன்றவில்லை. முதுகுப்புறமாகச் சோயஸ் தசைக்குள் போய் இடுப்பு நரம்புப் பின்னல் முழுவதையும் மரக்கச் செய்யும் முறை 1970களிலிருந்தே இருக்கிறது. பலன் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மருந்து தண்டுவடப் பக்கம் கசியலாம், வயிற்றின் பின்புறம் இரத்தம் கட்டலாம், அதை வெளியிலிருந்து அழுத்தி நிறுத்த முடியாது. இடுப்பு முறிந்தவர்களில் பலர் இரத்த மெலிவு மருந்து சாப்பிடுகிறவர்கள் என்பதை நினைத்தால் இது முதல் தேர்வாக இருக்க முடியாது. எரெக்டர் ஸ்பைனே, குவாட்ரேட்டஸ் லம்போரம் என்று முதுகுத் தசைகளின் பெயரில் வந்த புதிய ஊசிகள் இடுப்பு முறிவில் இன்னும் விருந்தாளிகள்தான்.

மருந்தின் அளவைப் பேசும்போது நம் பாட்டிமாரின் எடை நினைவுக்கு வரவேண்டும். வழக்கமான மேல்வரம்பு, புபிவகைன் கிலோவுக்கு 2 மில்லிகிராம். 40 கிலோ எடையுள்ளவருக்கு 80 மில்லிகிராம். 0.25 சதவீதக் கரைசலில் அது 32 மில்லிலிட்டர். புத்தகம் சொல்லும் 40 மில்லிலிட்டரை அப்படியே ஃபேசியா இலியாகா அறைக்குள் தள்ளினால் 100 மில்லிகிராம், வரம்பு தாண்டிவிட்டது. பிறகு முதுகில் போடும் மருந்தும், தைக்கும்போது அறுவை மருத்துவர் தோலடியில் போடுவதும் அதன்மேல் சேரும். பெங் ஊசியின் 20 மில்லிலிட்டர் இந்த இடத்தில் ஒரு நிஜமான வசதி, வெறும் 50 மில்லிகிராம்தான். ரோபிவகைன் என்றால் வரம்பு கிலோவுக்கு 3, 0.2 சதவீதத்தில் 40 மில்லிலிட்டர் போட்டாலும் 80ஐத் தாண்டாது. வரம்பு மீறினால் முதலில் நாக்கு மரக்கும், காதில் இரைச்சல் கேட்கும், பிறகு வலிப்பு, கடைசியில் இதயம் தடுமாறும். அதற்கு மாற்று 20 சதவீதக் கொழுப்புப் பால்மம், கிலோவுக்கு 1.5 மில்லிலிட்டர் உடனே சிரை வழி. ஊசி போடும் அறையில் அந்தப் பாட்டில் இருக்கவேண்டும், மருந்தகத்தின் குளிர்பெட்டிக்குள் இருந்தால் உதவாது.

தியேட்டருக்குள் வந்துவிட்டால் இன்னொரு ஒப்பீடு காத்திருக்கிறது: முதுகில் ஊசியா, முழு மயக்கமா? வட அமெரிக்காவில் 1,600 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ரீகெய்ன் சோதனையில் இரண்டும் சமம். அறுபதாம் நாளில் இறந்தவர்களும் நடக்க முடியாதவர்களும் சேர்ந்து இரு பக்கமும் சுமார் 18 சதவீதம். சீனாவில் 950 பேரிடம் நடந்த ராகா சோதனையும் டெலிரியத்தில் வேறுபாடு காணவில்லை. இந்தியாவில் முதுகு ஊசியே பெருவழக்கு என்பதால், அந்த ஊசிக்காக நோயாளியை உட்காரவைக்கும், அல்லது முறிந்த பக்கம் மேலாகத் திருப்பும் இரண்டு மூன்று நிமிடங்களே இங்கே பெரிய கேள்வி. இந்திய மயக்கவியல் இதழ்களில் வந்த சோதனைகள் பல இதைத்தான் அளந்தன. அபின் வகை மருந்தான ஃபென்டனிலைச் சிரையில் ஏற்றிவிட்டுத் திருப்புவதைவிட, முன்னதாக நரம்பு ஊசி போட்டுக் கால் மணி நேரம் காத்திருந்து திருப்புவது எளிது என்பதுதான் அவற்றின் பொதுவான திசை. மேல்நாட்டுச் சோதனைகள் மறுநாள் காலை எவ்வளவு மார்ஃபின் செலவானது என்று எண்ணிக்கொண்டிருந்தபோது, நம்மவர்கள் சரியான நிமிடத்தைப் பிடித்துவிட்டார்கள் என்பது என் எண்ணம். ஆனால் கால் மணி நேரம் காத்திருப்பது என்பது பட்டியல் நீண்ட தியேட்டரில் சின்ன விஷயமல்ல. ஊசியை வார்டிலேயே, அல்லது காத்திருப்பு அறையிலேயே போட்டுவிட்டால்தான் நேரம் மிச்சப்படும்.

அங்கே போடுவதற்கு ஸ்கேன் இயந்திரம் அங்கே வரவேண்டும். இந்தியாவில் கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒவ்வோர் அல்ட்ராசவுண்ட் இயந்திரமும் பதிவு செய்யப்பட்டிருக்கவேண்டும், இடம் மாற்றுவதற்கும் கட்டுப்பாடு உண்டு. சட்டத்தின் நோக்கத்தை யாரும் குறை சொல்லமாட்டார்கள். பெண்சிசுக்களைக் காப்பாற்ற வந்த சட்டம், எண்பது வயதுப் பெண்ணின் இடுப்புக்கு ஊசி போடும் மருத்துவரையும் பதிவேட்டோடு அலையவைக்கிறது, அவ்வளவுதான். ஸ்கேன் இல்லாமல் பெங் போட முடியாது, ஊசி இரத்தக்குழாய்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் அருகே போகிறது. 'டப் டப்' கேட்டு ஃபேசியா இலியாகா போடலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கும் டொராண்டோவுக்கும் ஒரே விடை சரிப்படாது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

மறதிநோய் உள்ளவர்களை இந்தச் சோதனைகளில் பல சேர்த்துக்கொள்ளவே இல்லை. வலிக்கு எண் சொல்லத் தெரியாதவர்களை எண்ணில் அளக்க முடியாது என்பது சௌகரியமான காரணம். இடுப்பு முறிந்து வருபவர்களில் அவர்கள் கணிசமான பங்கு, டெலிரியத்துக்கு முதலில் இரையாவதும் அவர்களே. அவர்களுக்கென்று 2003இலேயே பெய்னாட் என்ற அளவுகோல் வந்துவிட்டது. மூச்சு, முனகல், முகம், உடல், தேற்றினால் அடங்குகிறாரா என்று ஐந்தைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் சுழியத்திலிருந்து இரண்டுவரை மதிப்பெண் போடவேண்டும். செவிலியர் ரவுண்ட்ஸ் வரும் நேரத்தில், போர்வைக்குள் அசையாமல் கிடக்கும் பாட்டிக்கு அதைப் போட்டுப் பார்த்தால் சுழியம் வரும். அட்டவணையில் அதை எழுதி வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார்கள். பத்து நிமிடம் கழித்து ஆயாம்மா பெட்பேனோடு வருவார்.